நிசேயாவிலிருந்து ராவென்னாவுக்கு

இயேசு கடவுளா, அல்லது கடவுளால் படைக்கப்பட்டவர்களுள் தலைசிறந்தவரா? இந்தக் கேள்விக்குப் பல நாட்டு ஆயர்கள் ஒன்றுகூடி முதன்முதலாக விடை எழுதிய ஊர், துருக்கியின் வடமேற்கில் ஓர் ஏரிக்கரையில் இருக்கும் இஸ்னிக். அதன் பழைய பெயர் நிசேயா. இஸ்தான்புல்லின் யெனிகாப்பி துறையில் கப்பலேறி, மர்மரா கடலைக் கடந்து யாலோவாவில் இறங்க வேண்டும். அங்கிருந்து ஓர்ஹான்காசி வழியாக, ஆலிவ் தோப்புகளுக்கு நடுவே செல்லும் சாலை ஏரியை ஒட்டி ஊருக்குள் நுழைகிறது. ஊரைச் சுற்றி ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீளத்துக்கு ரோமானிய, பைசாந்தியக் கோட்டைமதில் இன்றும் நிற்கிறது. வடக்கே இஸ்தான்புல் வாசல், கிழக்கே லெஃப்கே வாசல், தெற்கே யெனிசெஹிர் வாசல், மேற்கே ஏரி வாசல். நான்கு வாசல்களிலிருந்தும் வரும் இரண்டு பெருந்தெருக்கள் ஊரின் நடுவில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன.

அந்தச் சந்திப்பில் இருக்கும் செங்கல் கட்டடம்தான் ஹேகியா சோஃபியா. அந்த விடையை எழுதிய 325-ஆம் ஆண்டின் பொதுச்சங்கம் இங்கேதான் கூடியது என்று நினைத்துக்கொண்டு வருபவர்கள் பலர். இங்கே கூடியது 787-இல் நடந்த இரண்டாம் நிசேயா சங்கம். அங்கே விவாதிக்கப்பட்டது திருவுருவங்களை வணங்கலாமா என்பது. 1331-இல் ஒட்டோமான் அரசர் ஓர்ஹான் காசி நகரைப் பிடித்தபின் ஆலயம் மசூதியாகி, 20-ஆம் நூற்றாண்டில் அருங்காட்சியகமாகி, 2011 முதல் மீண்டும் மசூதியாக இருக்கிறது. 325-இல் ஆயர்கள் அமர்ந்தது ரோமப் பேரரசரின் அரண்மனை மண்டபத்தில். அதில் ஒரு சுவர்கூட இன்று மிஞ்சவில்லை.

ஆனால் ஏரி ஒன்றைக் காட்டிக்கொடுத்தது. 2014-இல் வானிலிருந்து எடுத்த படங்களில், கரைக்கு அருகிலேயே, ஆழமற்ற நீருக்கடியில் ஓர் ஆலயத்தின் அடித்தளம் முழு வடிவத்தோடு தெரிந்தது. நியோஃபித்தோஸ் என்னும் இளம் மறைசாட்சியின் பெயரால் 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பப்பட்டு, 740-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் இடிந்த பேராலயம் அது என்பது ஆய்வாளர்கள் கருத்து. அண்மை ஆண்டுகளில் ஏரி வற்றிப் பின்வாங்கவே, நீருக்கடியில் இருந்த கற்கள் வெளியே வந்துவிட்டன. சங்கத்தின் 1700-ஆம் ஆண்டை முன்னிட்டு, 2025 நவம்பர் 28 அன்று திருத்தந்தை 14-ஆம் லியோவும் கான்ஸ்டான்டினோப்பிள் முதுபெரும் தந்தை பர்த்தலோமேயுவும் இந்தக் கற்களின் அருகே நின்று சேர்ந்து வேண்டினார்கள்.

சங்கத்தைக் கூட்டவைத்த தகராறு பிறந்தது இங்கே அல்ல, எகிப்தின் அலெக்சாண்டிரியாவில். அங்கே பௌகாலிஸ் ஆலயத்தின் குருவாக இருந்தவர் லிபியாவைச் சேர்ந்த ஆரியுஸ். (இந்தப் பெயருக்கும் ‘ஆரியர்’ என்ற சொல்லுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.) உயரமானவர், துறவியைப் போல் வாழ்ந்தவர், பேச்சில் வல்லவர். ஏறத்தாழ 318-இல் அவருக்கும் அவருடைய ஆயர் அலெக்சாண்டருக்கும் கருத்து வேறுபாடு முற்றியது. ஆரியுஸின் வாதம் எளியது, அதனாலேயே வலியது. கடவுள் ஒருவரே, அவருக்குத் தொடக்கம் இல்லை, அவர் யாரிடமிருந்தும் பிறக்கவில்லை. மகன் என்றால் தந்தையிடமிருந்து வந்தவர். வந்தவருக்குத் தொடக்கம் உண்டு. ஆகவே மகன் இல்லாத ஒரு நிலை இருந்திருக்க வேண்டும். உலகம் உண்டாவதற்கு முன்பே, காலத்துக்கும் முன்பே அவர் உண்டாக்கப்பட்டார். அவர் வழியாகவே மற்ற யாவும் உண்டாயின. ஆயினும் அவர் படைக்கப்பட்டவரே.

இயேசுவைச் சிறுமைப்படுத்துவதற்காக ஆரியுஸ் இதைச் சொல்லவில்லை. கடவுள் பகுபடாதவர், மாறாதவர், பசியும் களைப்பும் மரணமும் அறியாதவர். சிலுவையில் வலித்தவரை அதே கடவுள் என்று சொன்னால் கடவுளின் கடவுள்தன்மை என்னாவது என்பதே அவருடைய கவலை. நீதிமொழிகள் 8-ஆம் அதிகாரத்தில் ஞானம் தன்னை ஆண்டவர் தொடக்கத்தில் படைத்ததாகப் பேசுவதையும், யோவான் 14-இல் தந்தை தம்மைவிடப் பெரியவர் என்று இயேசு சொல்வதையும், மாற்கு 13-இல் இறுதி நாள் எப்போது என்பது மகனுக்கும் தெரியாது என்று வருவதையும் அவர் தரப்பினர் எடுத்துக்காட்டினார்கள். எதிர்த்தரப்பு யோவான் நற்செய்தியின் முதல் வரிகளையும், தாமும் தந்தையும் ஒன்றே என்று இயேசு கூறும் 10-ஆம் அதிகாரத்தையும் முன்வைத்தது. இரு தரப்பின் கையிலும் இருந்தது ஒரே மறைநூல். வசனங்களை அடுக்கி மட்டும் முடிக்கக்கூடிய வழக்காக இது ஒருநாளும் இருந்ததில்லை.

தம் கொள்கையை ஆரியுஸ் பாட்டாகவும் எழுதினார். ‘தாலியா’ என்பது அந்நூலின் பெயர். மாலுமிகளும் மாவரைப்பவர்களும் வழிப்போக்கர்களும் பாடுவதற்கென்றே அவர் பாடல்கள் புனைந்ததாகப் பிற்கால வரலாற்றாசிரியர் ஒருவர் குறிப்பிடுகிறார். ஆயர் மன்றம் கூட்டி அலெக்சாண்டர் அவரை விலக்கியபோது, ஆரியுஸுக்கு ஆதரவு கிடைத்த இடம் நிகோமேதியா. இன்றைய இஸ்மித், இஸ்னிக்கின் வடக்கே உள்ள தொழில்நகரம். நிலநடுக்கங்களும் ஆலைகளும் பழைய நகரை விழுங்கிவிட்டதால் பயணிக்கு அங்கே பார்க்க அதிகம் இல்லை. அன்றோ அது கிழக்கு ரோமப் பேரரசின் தலைநகர். அதன் ஆயர் யூசேபியுஸ், ஆரியுஸோடு ஒரே ஆசானிடம், அந்தியோக்கியாவின் லூசியானிடம், பாடம் கேட்டவர். அவர் எழுதிய கடிதங்களால் ஓர் ஊர்ச் சண்டை பேரரசின் சண்டையாகிவிட்டது.

324-இல் கிழக்கையும் வென்று முழுப் பேரரசுக்கும் தனி ஆட்சியாளரான கான்ஸ்டன்டைனுக்கு இது தலைவலியாக வந்து சேர்ந்தது. முதலில் அவர் கொர்தோபாவின் ஆயர் ஓசியுஸிடம் ஒரு கடிதம் கொடுத்து அலெக்சாண்டிரியாவுக்கு அனுப்பினார். இவ்வளவு அற்ப விஷயத்துக்கா பிரிந்து நிற்கிறீர்கள் என்பது அதன் சாரம். அது அற்ப விஷயம் அல்ல என்று இரு தரப்பும் புரியவைத்தபின், ஆங்கிராவில், அதாவது இன்றைய அங்காராவில், கூடவிருந்த சங்கத்தை நிசேயாவுக்கு மாற்றினார். நல்ல காற்று, மேற்கிலிருந்து வருபவர்களுக்கு எளிய வழி என்று காரணம் சொல்லப்பட்டது. தலைநகரான நிகோமேதியா பக்கத்தில் இருந்தது பேரரசருக்கும் வசதி.

325 மே மாதம் சங்கம் தொடங்கியது. வந்த ஆயர்கள் 318 பேர் என்பது மரபு. ஆபிரகாமின் வீட்டில் பிறந்து போருக்குப் போனவர்களின் எண்ணிக்கையாகத் தொடக்கநூல் தரும் எண் அது. உடனிருந்த செசரியாவின் யூசேபியுஸ் (நிகோமேதியாவின் யூசேபியுஸ் அல்ல) 250-க்கு மேல் என்கிறார். ரோமின் ஆயர் சில்வெஸ்டர் வரவில்லை, இரண்டு குருக்களை அனுப்பினார். வந்தவர்களில் சிலருடைய உடலிலேயே முந்தைய ஆட்சியில் கிறிஸ்தவர்கள் பட்ட வதையின் வடு இருந்தது. எகிப்தின் பப்நூசியுஸ் ஒரு கண்ணை இழந்தவர். நியோசெசரியாவின் பவுல் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் கைகள் முடமாக்கப்பட்டவர். அரசு ஆள்களுக்கு அஞ்சி ஒளிந்து வாழ்ந்தவர்கள், அரசுச் செலவில் வண்டியேறி வந்து, பொன்னும் பட்டும் அணிந்த பேரரசர் நடுவில் அமர்ந்திருக்க, கடவுளின் இயல்பைப் பற்றி வாக்களித்தார்கள். கிறிஸ்தவ வரலாற்றில் இதற்கு நிகரான திருப்பம் குறைவு. இதில் அடங்கியிருந்த ஆபத்து அந்த மண்டபத்தில் இருந்தவர்களில் பலருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

மறைநூலில் உள்ள சொற்களை மட்டும் கொண்டு ஒரு நம்பிக்கை அறிக்கை எழுதிவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினார்கள். எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் ஆரியுஸின் தரப்பு தனக்கு ஏற்ற பொருளோடு அதை ஏற்றுக்கொண்டதால், மறைநூலில் இல்லாத ‘ஹோமோஊசியோஸ்’ என்ற கிரேக்கச் சொல் சேர்க்கப்பட்டது. தந்தையின் உள்பொருள் எதுவோ அதுவே மகனின் உள்பொருளும் என்பது அதன் கருத்து. இச்சொல்லைப் பற்றி ஆரியுஸை ஏற்காதவர்களுக்கே தயக்கம் இருந்தது. 268-இல் அந்தியோக்கியாவில் சமோசாட்டாவின் பவுலைக் கண்டித்தபோது இதே சொல் விலக்கப்பட்டிருந்தது. தந்தையும் மகனும் ஒரே ஆள்தான் என்ற பொருளும் அதற்குக் கொள்ள இடமிருந்தது. இருந்தும் கையெழுத்திட மறுத்த ஆயர்கள் இருவர் மட்டுமே: மர்மாரிக்காவின் தியோனாஸ், தொலெமாயிசின் செகுந்துஸ். ஆரியுஸோடு அவர்களும் நாடு கடத்தப்பட்டார்கள். உயிர்ப்புப் பெருவிழாவின் நாளை முறைப்படுத்துவதும், 20 ஒழுங்குச் சட்டங்களும் அதே சங்கத்தின் வேலைகள்.

நிசேயாவின் விடையைத் தாங்கிப்பிடித்தவர் சங்கத்தில் ஆயராக அமராத ஒருவர்: அலெக்சாண்டரின் திருத்தொண்டராக வந்திருந்த இளைஞர் அத்தனாசியுஸ். 328-இல் அவரே அலெக்சாண்டிரியாவின் ஆயரானார். அவருடைய வாதம் வழிபாட்டிலிருந்து தொடங்குகிறது. கிறிஸ்தவர்கள் இயேசுவை நோக்கி வேண்டுகிறார்கள். தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் திருமுழுக்குப் பெறுகிறார்கள். மகன் படைக்கப்பட்டவர் என்றால் படைப்பை வணங்கும் குற்றத்தைத் திருச்சபை தொடக்கம் முதலே செய்துவந்திருக்கிறது. இன்னொன்று, மனிதரை அழிவிலிருந்து மீட்டுக் கடவுளின் வாழ்வில் பங்குதர கடவுளால் மட்டுமே முடியும். தானே பெற்றுக்கொண்டவர் பிறருக்கு அதைத் தர இயலாது. ஆரியுஸ் கடவுளின் உயர்வைக் காக்க முயன்றார். அத்தனாசியுஸ் அந்த உயர்ந்தவர் இறங்கி வந்தார் என்பதைக் காத்தார். இருவரில் அத்தனாசியுஸின் வாதமே ஆழமானது. எதிரிகளை அடக்க அத்தனாசியுஸின் ஆட்கள் கையாண்ட முரட்டு வழிகளைப் பற்றிய குற்றச்சாட்டுகள் அந்த வாதத்தின் வலிமையைக் குறைப்பதில்லை. குற்றச்சாட்டுகளை மறைப்பதற்கு அந்த வாதம் காரணமாகவும் ஆகாது.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் கத்தோலிக்க, ஆங்கிலிக்கன், சி.எஸ்.ஐ. ஆலயங்களில் தமிழில் சொல்லப்படும் நிசேயா விசுவாசப் பிரமாணத்தின் வேர் இங்கே இருக்கிறது. அந்த விடையை ஏற்காத தமிழரும் உண்டு. 1795-இல் சென்னையில் வில்லியம் ராபர்ட்ஸ் என்ற தமிழர், தந்தை ஒருவரே கடவுள் என்று போதித்த யூனிடேரியன் சபையைத் தொடங்கினார். புரசைவாக்கத்தில் அவர்களுக்கு ஒரு வழிபாட்டு இல்லம் இருந்தது. ஏட்டிலிருந்து வந்த வழக்கு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. நற்செய்திகளைத் தானே வாசிக்கும் எவருக்கும் எழக்கூடிய கேள்வி இது.

சங்கம் முடிந்ததால் சண்டை முடியவில்லை. அதன் அடுத்த அரை நூற்றாண்டு இஸ்தான்புல்லின் தெருக்களில் கிடக்கிறது. டிராம் பாதையோரம் செம்பெர்லிதாஷ் நிறுத்தத்தில், இரும்புப் பட்டைகள் போட்ட செந்நீலக் கல்தூண் ஒன்று நிற்கிறது. கான்ஸ்டன்டைன் தம் புதிய நகரின் சதுக்கத்தில் நட்ட தூண் அது. பேரரசர் மனம் மாறி ஆரியுஸைத் திரும்பவும் சபையில் சேர்க்க ஆணையிட்டிருந்த 336-இல், அந்தச் சேர்ப்புக்கு முன்பே, இச்சதுக்கத்தின் அருகே வயிற்று நோவு கண்டு ஆரியுஸ் இறந்தார். எதிரிகள் அதைக் கடவுளின் தீர்ப்பு என்று எழுதினார்கள். ஒருவருடைய சாவை அவருடைய கருத்துக்கு மறுப்பாகக் காட்டுவது வாதத்தில் சேராது. அடுத்த ஆண்டு நிகோமேதியாவின் அருகே மரணப் படுக்கையில் இருந்த கான்ஸ்டன்டைனுக்குத் திருமுழுக்குக் கொடுத்தவர், நிசேயாவை அடுத்து நாடு கடத்தப்பட்டுத் திரும்பிவந்த அந்நகரின் ஆயர் யூசேபியுஸ்.

பேரரசர் மாறும்போதெல்லாம் ஆயர்களும் மாறினார்கள். அத்தனாசியுஸ் ஐந்து முறை துரத்தப்பட்டு, மொத்தம் 17 ஆண்டுகள் ஊருக்கு வெளியே கழித்தார். மகன் தந்தைக்கு நிகரான உள்பொருள் உடையவர் என்றும், வெறுமனே ஒத்தவர் என்றும், சற்றும் ஒவ்வாதவர் என்றும் கட்சிகள் பெருகின. கான்ஸ்டான்டினோப்பிளில் காசு மாற்றப் போனாலும், ரொட்டி விலை கேட்டாலும், குளிக்கத் தண்ணீர் தயாரா என்று விசாரித்தாலும், பிறந்தவர் யார், பிறவாதவர் யார், தந்தை பெரியவரா என்றுதான் பதில் வருகிறது என நிசாவின் கிரகோரி அலுத்துக்கொண்டார். அவர் அலுத்துக்கொண்டதே இன்று மதிப்புள்ள சாட்சியாக இருக்கிறது. ரொட்டி விற்பவர் இதைப் பேசியிருக்கிறார் என்றால், அது அவருடைய உயிர்ப் பிரச்சினையாக இருந்திருக்கிறது.

விடை தெளிவாவதற்கு உதவியவர்கள் கப்பதோக்கியாவின் மூவர்: செசரியாவின் பசிலியுஸ், அவருடைய தம்பி நிசாவின் கிரகோரி, நண்பர் நசியான்சுவின் கிரகோரி. உள்பொருள் ஒன்று, ஆள்கள் மூவர் என்று அவர்கள் பிரித்துக் காட்டியதால், ஹோமோஊசியோஸ் என்ற சொல்லில் இருந்த பழைய ஐயம் நீங்கியது. நசியான்சுவின் கிரகோரி 379-இல் தலைநகருக்கு வந்தபோது பெரிய ஆலயங்கள் அனைத்தும் ஆரியுஸ் தரப்பினர் வசம் இருந்தன. ஒரு வீட்டில் அமைத்த சிறு வழிபாட்டிடத்தில் அவர் பேசினார், கல்லெறியும் வாங்கினார். 380 நவம்பரில் பேரரசர் தியோடோசியுஸ் நகருக்குள் நுழைந்து, நிசேயாவை ஏற்காத ஆயர் டெமோபிலுஸை வெளியேற்றி, படைவீரர்கள் சூழ கிரகோரியைத் திருத்தூதர்கள் பேராலயத்துக்குள் அழைத்துச் சென்றார். அந்த ஆலயம் இருந்த மேட்டில் இப்போது ஃபாத்திஹ் மசூதி இருக்கிறது. 381-இல் 150 ஆயர்கள் கூடிய சங்கம் நிசேயாவின் அறிக்கையை உறுதிசெய்து, தூய ஆவியைப் பற்றிய பகுதியை விரித்து எழுதியது. அச்சங்கத்தோடு இணைத்துச் சொல்லப்படும் ஹேகியா ஐரீன் ஆலயம் டோப்காபி அரண்மனையின் முதல் முற்றத்தில் இருக்கிறது. 532-இல் எரிந்து மறுபடி கட்டப்பட்ட அதன் பீடவளைவில் உருவமே இல்லாத பெரிய சிலுவை மட்டும் பொன் பின்னணியில் தெரிகிறது.

அங்கிருந்து போஸ்பரஸைப் படகில் தாண்டினால் காதிகோய், பழைய கால்செதோன். 451-இல் அங்கே புனித யூபேமியா ஆலயத்தில் ஏறத்தாழ 500 ஆயர்கள் அமர்ந்து, இயேசு முழுக் கடவுள் என்றால் அவர் முழு மனிதராகவும் இருந்தது எப்படி என்ற அடுத்த கேள்வியை எடுத்தார்கள். ஒரே ஆள், இரண்டு இயல்புகள். கலப்பும் இல்லை, பிரிவும் இல்லை என்று முடிவு. எகிப்து, சிரியா, ஆர்மீனியா, எத்தியோப்பியா திருச்சபைகள் இதை ஏற்கவில்லை. கேரளத்தின் மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையினர் பின்னர் சேர்ந்தது இந்த மரபில்தான். பழைய ஆலயம் அழிந்துவிட்டது. மீன்கடைகளும் பழக்கடைகளும் நிறைந்த காதிகோய் சந்தைக்குள் அதே புனிதையின் பெயரில் பிற்காலத்து கிரேக்க ஆலயம் ஒன்று உண்டு.

நிசேயாவில் தோற்ற தரப்பைக் கண்ணால் காண வேண்டுமானால் இத்தாலிக்குப் போக வேண்டும். 340-ஐ ஒட்டி நிகோமேதியாவின் யூசேபியுஸ், உல்ஃபிலாஸ் என்பவரைக் கோத் மக்களுக்கு ஆயராகத் திருநிலைப்படுத்தினார். அவர் கோத் மொழிக்கு எழுத்து வகுத்து மறைநூலை மொழிபெயர்த்தார். சண்டையை விரும்பும் மக்களுக்கு இன்னும் தூண்டுதல் வேண்டாம் என்று அரசர்களின் நூல்களை மட்டும் விட்டுவிட்டார் என்பார்கள். இவ்வாறு கோத் மக்கள் ஏற்றுக்கொண்ட கிறிஸ்தவம் நிசேயாவுக்குப் புறம்பானது. அவர்களின் அரசர் தியோடோரிக் 493 முதல் 526 வரை ராவென்னாவிலிருந்து இத்தாலியை ஆண்டார். பொலோஞாவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான ரயில் பயணம்.

சிறிய நகரம் அது. ஒரே காலையில் இரண்டு திருமுழுக்கு இல்லங்களையும் நடந்தே பார்த்துவிடலாம். பேராலயத்தின் அருகில் இருப்பது நிசேயா தரப்பினருடையது. 5-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆயர் நியோன் அதன் அலங்காரத்தை முடித்தார். ரயில் நிலையத்துப் பக்கம், இன்றைய தெருமட்டத்துக்குக் கீழே புதைந்தது போல் இருப்பது தியோடோரிக் காலத்தில் ஆரியுஸ் வழியினர் கட்டியது. இரண்டும் எண்கோணச் செங்கல் கட்டடங்கள். இரண்டின் உச்சியிலும் ஒரே காட்சி: யோர்தான் ஆற்றில் இடுப்பளவு நீரில் இயேசு நிற்கிறார், யோவான் கை நீட்டுகிறார், மேலிருந்து புறா இறங்குகிறது, யோர்தான் ஒரு கிழவராக உருவெடுத்து ஓரத்தில் இருக்கிறார், சுற்றிலும் திருத்தூதர்கள் பன்னிருவர். ஆரியுஸ் வழியினரின் மாடத்தில் இயேசு மீசை அரும்பாத இளைஞர். வளர்கின்ற, ஆகவே கடவுளுக்குக் குறைந்த இயேசு என்று சிலர் இதற்கு விளக்கம் தருவதுண்டு. அந்த விளக்கம் நிற்காது. தாடியில்லாத இயேசு நிசேயாவை ஏற்ற ஊர்களின் ஓவியங்களிலும் வருகிறார்.

தியோடோரிக் தம் அரண்மனைக்கென்று கட்டிய ஆலயம், இன்றைய சாந்த் அப்பொல்லினாரே நுவோவோ, இதை இன்னும் உறுதியாகக் காட்டுகிறது. சுவரின் மேல்வரிசையில் இயேசுவின் வாழ்விலிருந்து 26 காட்சிகள். புதுமைகளைச் செய்யும்போது தாடி இல்லை, பாடுபடும்போது தாடி இருக்கிறது. 540-இல் பேரரசர் ஜஸ்டீனியனின் படை நகரைப் பிடித்தது. பின்னர் ஆரியுஸ் வழியினரின் ஆலயங்கள் அனைத்தும் பேராயர் அக்னெல்லுஸின் கைக்கு மாறின. அவர் இந்த 26 காட்சிகளைத் தொடவே இல்லை. திருத்த வேண்டியது அவற்றில் எதுவும் அவருக்குத் தென்படவில்லை என்றே கொள்ள வேண்டும். அழிக்கப்பட்டவர்கள் மனிதர்கள். கீழ்வரிசையில் அரண்மனைத் தூண்களுக்கு இடையே நின்ற கோத் பிரமுகர்களின் உருவங்களைப் பெயர்த்தெடுத்துவிட்டுத் திரைச்சீலைகளை ஒட்டினார்கள். சில தூண்களின் மேல் அவர்களின் கைகள் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவர்கள் இருந்த வரிசையில் இப்போது மறைசாட்சிகள் ஊர்வலமாகச் செல்கிறார்கள். தலைமை தாங்குபவர் ஆரியுஸ் கொள்கையை எதிர்த்தவராகப் போற்றப்பட்ட தூர்நகரின் மார்ட்டின். ஆலயமும் அப்போது அவர் பெயருக்கே மாற்றப்பட்டது.

தியோடோரிக்கின் ஆட்சியைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம்பிக்கையை ஆணையிட முடியாது, எவரையும் மனம் ஒப்பாமல் நம்பவைக்க இயலாது என்று ஜெனோவாவின் யூதர்களுக்கு அவர் பெயரில் ஒரு மடல் சென்றது. அதை எழுதியவர் அவருடைய அமைச்சர் கசியோடோருஸ். நிசேயாவை ஏற்ற மக்கள் அவர் ஆட்சியில் தங்கள் ஆலயங்களை வைத்துக்கொண்டார்கள். கடைசி ஆண்டுகளில் அந்தப் பெருந்தன்மை உடைந்தது. கிழக்கே பேரரசர் யுஸ்தின் ஆரியுஸ் வழியினரை ஒடுக்கத் தொடங்கியபோது, அவர்களுக்காகப் பரிந்து பேச திருத்தந்தை முதலாம் யோவானையே தியோடோரிக் கான்ஸ்டான்டினோப்பிளுக்கு அனுப்பினார். திரும்பி வந்தவர்மீது ஐயம் கொண்டு சிறையிலிட்டார். 526-இல் திருத்தந்தை ராவென்னாவில் இறந்தார். அதற்கு முன்பே, திரித்துவத்தைப் பற்றி நூல் எழுதிய மெய்யியலாளர் போயேத்தியுஸ் துரோகக் குற்றம் சாட்டப்பட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

கோத் மொழி மறைநூலின் மிகச் சிறந்த படி, செந்நீலத் தோலில் வெள்ளி, பொன் மையால் எழுதியது, இந்தக் காலத்தில் ராவென்னாவில் உருவானதாகக் கருதப்படுகிறது. அது இப்போது சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அதன் ஏடுகளில் உள்ளவை நான்கு நற்செய்திகளின் பகுதிகள். ஸ்பெயினின் விசிகோத் அரசு 589-இல் தொலேதோ சங்கத்தில் நிசேயாவை ஏற்றது. இத்தாலியின் லொம்பார்டுகள் 7-ஆம் நூற்றாண்டில் அவ்வழிக்கு வந்தார்கள். அதன்பின் ஆரியுஸின் கொள்கையைத் தன் கொள்கையாகக் கொண்ட அரசு எதுவும் எழவில்லை. அவருடைய நூல்களைக் கொளுத்தும்படி கான்ஸ்டன்டைன் ஆணையிட்டிருந்ததால், சில கடிதங்களும் தாலியாவின் துண்டுகளும் மட்டுமே மிஞ்சின. அந்தத் துண்டுகளில் பெரும்பாலானவை கிடைப்பது, அவற்றை மறுப்பதற்காக அத்தனாசியுஸ் எடுத்தெழுதிய பக்கங்களில்.